புளியங்கொட்டை வைக்காத வீடு

பெருவெள்ளம் வடிந்து சில மாதங்கள் கழித்து, தாமிரபரணிக் கரை ஊர்களில் கணக்கெடுப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மறுபடி தண்ணீர் வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த வீட்டில் யாரால் தானாக வெளியேற முடியாது என்று ஊர்க்காரர்களையே சொல்ல வைப்பதுதான் எங்கள் வேலை.

அம்பாசமுத்திரத்துக்குக் கீழே, வாழைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு தெரு. கோயில் முன்னால் தரையைக் கூட்டி, கோலமாவால் தெருவை வரையச் சொன்னோம். பெண்கள்தான் வரைந்தார்கள். ஆறு, வாய்க்கால், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம், எல்லாம் வந்தன. இடிந்த வீடுகளையும் வரைந்தார்கள். பிறகு, நடக்க முடியாதவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளில் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னேன்.

ஒரு பெண் தன் வீட்டுக்கு வைக்கவில்லை. நாற்பது வயதிருக்கும், பீடி சுற்றுபவர். பக்கத்து வீட்டுக்காரர் கொட்டையை எடுத்து நீட்டினார். "எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்று அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார். யாரும் வற்புறுத்தவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவரே வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். கணவர் கொத்தனாராக இருந்தவர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவர் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே, சுவரில் வெள்ளத்தின் கறை நீளமாக ஓடியது. அன்று தெருக்காரர்கள் மார்பளவு தண்ணீரில் அவரைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததை அந்த அம்மா நன்றியோடு சொன்னார். கணவர் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார்.

"தூக்கிட்டுப் போனது நெசந்தான். அவங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா அங்கன அத்தனை பேரு நடுவுல மறைப்பு இல்லாம கெடந்தேன். எல்லாத்துக்கும் இவதான் சேலைய மறைச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பக்கத்துல இருந்த பிள்ளைங்க முகத்தத் திருப்பிக்கிடும். இன்னொரு தடவ வந்தா என்னைய இங்கனயே விட்ருன்னு சொல்லிட்டேன்."

மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொட்டை வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புனாக. இவுக வரலன்னா நான் மட்டும் எங்க போவேன்?"

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றுதான் ஊர் ஊராகக் கேட்டிருந்தோம். போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படி இருந்தீர்கள் என்பது எங்கள் கேள்விகளில் இல்லை.

என்ன இருந்தால் வருவீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார். கதவுள்ள ஓர் அறை, பக்கத்திலேயே கழிப்பறை. தண்ணீர் தெருவுக்குள் வருமுன், பகலிலேயே கிளம்பிவிட வேண்டும். "கழுத்து வரைக்கும் வந்தப்புறம் கூப்பிட்டா, தூக்குதவனும் சேந்துல்லா சாவான்."

தலைமையாசிரியையிடம் பேசினோம். கழிப்பறையை ஒட்டிய அறையை அவர் ஒதுக்கிக் கொடுத்தார். கொத்தனாரோடு வேலை பார்த்தவர்கள் வந்து அந்த அறை வாசலில் படியை உடைத்துச் சாய்தளம் போட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் அவர் வருவேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசியில் மலையில் மழை விடாமல் கொட்டியது. அணை திறக்கப் போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் போன் செய்தபோது, இன்னும் பேசாமல்தான் படுத்திருக்கிறார் என்றார் மனைவி. பக்கத்திலேயே இருந்தும் வற்புறுத்தப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். மதியம் மனைவியே கூப்பிட்டார். தெருக்காரர்கள் லோடு ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும், "நல்ல சட்டையா ஒண்ணு எடு" என்று மட்டும் கணவர் சொன்னாராம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வராந்தா முழுக்க ஆட்களும் மூட்டைகளும். அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டிவிட்டு, உள்ளே வரச் சொல்லும் வரை நின்றேன். வெள்ளைச் சட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆற்று வெள்ளம் வாழைத் தோட்டங்களை மூழ்கடித்துத் தெருமுனையோடு நின்றுவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் நாளில், அடுத்த முறையும் வருவீர்கள்தானே என்று கேட்டேன்.

"இந்தத் தடவ வந்தேன். அடுத்தத அப்பப் பாப்போம்."

அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். மனைவி அறையைக் கழுவிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியையிடம் கொடுக்கப் போனார்.