ஏழாவது துளை

சைட்டில் அவளை எல்லோரும் 'டார்ச் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். உச்சி வெயிலில் கையில் டார்ச்சோடு திரிகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், குனிந்து அதற்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் தாண்டிப் போக அவளால் முடியாது. வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியின் துளைக்குள்ளும் ஒரு நாள் அடித்துப் பார்த்தாள். பின்னால் நின்றிருந்த நாத்தனார், "உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் பங்குக்கும் எட்டிப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்று வயது அவளுக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்பு வரை கான்கிரீட்டுக்கும் அவளுக்கும் இருந்த சம்பந்தம், அதன் மேல் நடந்துபோனது மட்டும்தான். கேக் கடையில் க்ரீம் பிழிகிற வேலை. கூம்புப் பையை அமுக்கி, மூச்சை அடக்கி, விளிம்பைச் சுற்றி ஒரே ஓட்டமாக வந்து, ஆரம்பித்த இடம் எது, முடித்த இடம் எது என்று தெரியாமல் சேர்த்துவிடுவாள். ஒரு நாள் கடையை மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "எங்க சைட்ல சுவர் இடுக்கு அடைக்க ஆள் கேக்கறாங்க, வர்றியா?" என்றாள். முதல் நாள் மேஸ்திரி அவள் கையில் கலவை பிழிகிற துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு ஆள் நீளச் சுவரின் அடிவிளிம்பு முழுக்க நூல் பிடித்த மாதிரி அடைபட்டிருந்தது.

"எங்கம்மா கத்துக்கிட்ட?"

"பிறந்தநாள் கேக்குலங்க."

"பேரு எழுதாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றார் மேஸ்திரி.

அங்கே சுவரைக் கட்டுவதில்லை. தொழிற்கூடத்தில் வார்த்த சுவரை லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி நிறுத்துவார்கள். தளத்திலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரின் அடியில், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக, இரும்புக் குழல்கள் புதைந்திருக்கும். சுவர் இறங்கும்போது கம்பிகள் குழல்களுக்குள் போய்விடும். பிறகு முட்டுக் கொடுத்து, மட்டம் பார்த்து, அடியில் ஒரு விரல் கனத்துக்கு விட்ட இடைவெளியைச் சுற்றிலும் கலவையால் அடைப்பார்கள். அதற்கப்புறம்தான் விஷயமே. சுவரின் முகத்தில் ஒவ்வொரு குழலுக்கும் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. கீழ்த்துளை ஒன்றில் குழாயைச் சொருகி, கூழ் மாதிரி கலக்கிய சிமெண்ட் பாலை பம்ப் வைத்து ஏற்றுவார்கள். பால் எல்லாக் குழலிலும் ஏறி, மேல்துளை ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்க்கும். குமிழ் இல்லாமல் ஒரே சீராக வந்ததும் ரப்பர் தக்கையால் அடைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பால் இறுக ஆரம்பித்துவிடும். அதன் பிறகு அந்தச் சுவரும் தளமும் ஒரே உடம்பு. எந்தத் துளையிலாவது பால் வராவிட்டால் அந்தக் கம்பி உள்ளே சும்மா நிற்கிறது என்று அர்த்தம்.

ஐந்து மேஸ்திரிகளின் கீழே அவள் இந்த வேலையைச் செய்துவிட்டாள். அதில் இரண்டு பேருக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். ஐந்தாவது மேஸ்திரி வேறு வேலை கிடைத்துப் போனதும் எஞ்சினியர் அவளைக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற மனிதர், பேச்சில் மட்டும் சிக்கனம்.

"லிஃப்ட் சுவர் ஆறும் நீங்க முன்னால நின்னு முடிங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். பார்த்துட்டு, மேஸ்திரியா போடலாமா வேணாமான்னு சொல்றேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் இதுதான் பேச்சு. அவள் கணவர் சலூன் வைத்திருக்கிறார். கத்தரியைவிட வாய் வேகமாக ஓடும் என்று பெயர்.

"மேஸ்திரி ஆயிட்டா வீட்லயும் அதிகாரம் பண்ணுவியா?" என்றார்.

"இப்ப மட்டும் என்ன பண்றாங்களாம்?" என்றாள் நாத்தனார்.

அவள் சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்து வைத்தாள். ஆனால் ஆசை உள்ளே உட்கார்ந்துவிட்டது. பதினோரு வருஷமாக, "இதை இப்படிச் செய்யலாமே" என்று மற்றவர்களிடம் கேட்டே பழகிய வாய் அது. இனி ஒரு தடவையாவது, "இப்படிச் செய்யுங்க" என்று சொல்ல வேண்டும்.

அந்த ஆசைதான் அவளை ஒரு சின்னத் தப்பில் கொண்டுபோய் விட்டது.

முறைப்படி, சுவர் கிரேன் கொக்கியில் தொங்கும்போதுதான் குழல்களைப் பார்க்க வேண்டும். கணவரின் கடையில் பின்னந்தலை காட்டுகிற கண்ணாடி ஒன்று ஓரம் உடைந்து கிடந்தது. அதை ஒரு கம்பியில் கட்டி, சுவருக்கு அடியில் நீட்டி, அதன் மேல் டார்ச் அடித்தால் குழலின் உச்சி வரைக்கும் தெரியும். ஒரு சுவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் கிரேன் ஆபரேட்டர் மேலே இருந்து வாக்கி டாக்கியில், "அக்கா, முகம் பார்த்தாச்சா, பவுடர் போடணுமா?" என்று உயிரை எடுப்பான். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மிச்சமாகட்டும் என்று, வியாழக்கிழமை மத்தியானமே, லாரியிலிருந்து இறக்கிய சுவர்கள் சாய்ந்து நின்ற இடத்துக்குப் போய், ஆறு சுவரின் துளைகளிலும் வெளிச்சம் அடித்து, காற்றடித்துப் பார்த்து, சோதனைத் தாளில் 'சரி' போட்டுவிட்டாள். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி நடந்தது. ஒன்பதரைக்குள் ஆறு சுவரும் நின்றுவிட்டன. ஆபரேட்டருக்கே நம்ப முடியவில்லை. "அக்கா, இன்னைக்கு அலங்காரம் இல்லையா?" என்றான். விளிம்பு அடைத்து, அது இறுகியதும் பம்பை ஓட்டினார்கள். பம்ப் போடுகிறவர் அவளைவிடப் பத்து வயது பெரியவர். "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். மூன்று சுவர் முடிந்தது. பதினொன்றுக்குச் சொன்னபடி எஞ்சினியர் வந்து, கடைசி மூலையில் நின்று மட்டம் பார்க்க ஆரம்பித்தார்.

நான்காவது சுவர். பத்து மேல்துளை. ஒன்று வந்தது, அடைத்தாள். இரண்டு, மூன்று. ஆறு வரைக்கும் வரிசையாக. பிறகு எட்டு வந்தது. ஒன்பது, பத்தும் வந்தன. ஏழு வரவில்லை.

"கொஞ்சம் அமுக்குங்க அண்ணே."

அமுக்கினார். ஏழாவது துளை வாயைத் திறக்கவில்லை. அவர் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து, துளைக்குள் விட்டு இரண்டு குத்துக் குத்தினார். உள்ளே ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த நிமிஷம் பால் வழிந்தது.

"வந்தாச்சு தங்கச்சி. மூடு."

தக்கை அவள் கையில்தான் இருந்தது. ஆனால் வந்த பால் சாம்பல் நிறமாக இல்லை. டீயில் பால் கூடின மாதிரி, லேசாகப் பழுப்பு. ஒரு விரலால் தொட்டுத் தேய்த்தாள். மண்.

"உள்ள மண்ணு இருக்கு அண்ணே."

"இருந்தா என்ன, பால்தான் வந்துடுச்சே. கம்பி பத்து இருக்கு. ஒண்ணு கொஞ்சம் சோம்பேறியா இருந்துட்டுப் போகட்டும்." குரலைத் தாழ்த்தினார். "அவர் அந்தப் பக்கம் பார்க்கறார். மூடிட்டு அடுத்ததுக்குப் போ. இன்னைக்கு உன் நாள்."

உன் நாள் என்றதும் அவள் கையிலிருந்த தக்கையைப் பார்த்தாள். மூடினால் யாருக்கும் தெரியாது. இந்தத் தக்கை, இந்தத் துளை, இதற்கு மேல் பூச்சு, அதற்கு மேல் எட்டு மாடி. கேக்கில் க்ரீம் கோணினால் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி பிழியலாம். சுவரை வழிப்பதென்றால் இன்னும் இருபது நிமிஷத்துக்குள் வழிக்க வேண்டும்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "தம்பி, நாலாவது சுவரை மறுபடி தூக்கணும்."

மேலேயிருந்து ஆபரேட்டர் குரல் வந்தது. "அக்கா, வெயில் ஜாஸ்தியா இருக்கா?"

"கொக்கியை இறக்குப்பா. பால் இறுகுது."

எஞ்சினியர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. நடந்து வந்து நின்றார். கொக்கியை மாட்டி, முட்டுகளை அவிழ்த்து, காலையில் நூல் பிடித்து அடைத்த விளிம்பை அவளே உளியால் தட்டி உடைத்தாள். சுவர் எழும்பியது. பால் கொட்டக் கொட்ட நகர்த்தி, இரண்டு மரக்கட்டைகளின் மேல் இறக்கினார்கள். பம்ப்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒன்பது குழல்களையும் பீய்ச்சிக் கழுவினார். ஏழாவதில் தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் அவள் கையை நீட்டித் தடுத்தாள். கம்பியில் கட்டிய கண்ணாடியை அடியில் விட்டு, டார்ச் அடித்தாள்.

குழலின் உச்சியில், கம்பி தள்ளி நசுக்கிய களிமண் உருண்டை. உருண்டைக்குள் பாதியாக ஒரு அறை. அறைக்குள் மயங்கிக் கிடந்த மூன்று பச்சைப் புழுக்கள்.

"குளவி," என்றாள்.

பம்ப்காரர் குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா. நமக்கு முன்னாடியே ஒரு மேஸ்திரி வந்து பூசி முடிச்சிட்டுப் போயிருக்கே."

"பிள்ளைக்குச் சாப்பாடு வேற கட்டி வச்சிருக்கு," என்றாள் அவள்.

வாக்கி டாக்கியில், "என்ன அக்கா அங்க, எனக்கும் சொல்லுங்க," என்று ஆபரேட்டர் கெஞ்சினான். குளவி என்று சொன்னதும் மேலே சிரிப்பு வெடித்தது. "அதுக்குச் சம்பளம் யாரு குடுக்கறது?"

எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் அவளுடைய தாள் இருந்தது. "இதை எப்ப பார்த்தீங்க?"

இப்போதும் ஒரு வழி இருந்தது. காலையில் என்று சொல்லலாம். குளவிக்குச் சாட்சி சொல்லத் தெரியாது.

"நேத்து மத்தியானம் சார்."

"முறை என்ன?"

"கொக்கியில தொங்கறப்ப பார்க்கணும். இன்னைக்குச் சீக்கிரம் முடிக்கணும்னு நேத்தே பார்த்துட்டேன். நேத்து மத்தியானத்துக்கும் இன்னைக்குக் காலைக்கும் நடுவுல அது வீடு கட்டிருச்சு. தப்பு என் பேர்லதான் சார்."

"எழுதுவேன்."

"எழுதுங்க."

எழுதினார். நின்று நிதானமாக, அரைப் பக்கம். அவள் அதைப் பார்க்காமல் குழல்களைக் கழுவி, காற்றடித்து, ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தாள். சரி, இத்தோடு போயிற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். போனாலும் சுவர் நிற்கும். அது ஒரு மாதிரி நிம்மதியாகவே இருந்தது.

"மற்ற ரெண்டு சுவர்?" என்றார் அவர்.

"அதையும் தூக்கிப் பார்க்கணும். இன்னைக்கு ஆறும் முடியாது சார். நாளைக்குத்தான்."

"முதல்ல முடிச்ச மூணு?"

"எல்லாத் துளையிலயும் தானா வந்துச்சு, நல்ல சாம்பல் கலர். நான் பார்த்து அடைச்சது. அதுல சந்தேகம் இல்ல."

"இனிமே?"

"லாரியில இருந்து இறக்கி நிறுத்தறப்பவே துளைக்கெல்லாம் பஞ்சு அடைச்சிடலாம் சார். கொக்கியில ஏத்தினதும் எடுத்துட்டுப் பார்த்துக்கலாம்."

அதையும் எழுதினார். பேனாவை மூடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அடுத்த மாடிக்கு உங்களுக்கு எத்தனை ஆள் வேணும்?"

அவளுக்குப் புரியவில்லை. பம்ப்காரர் முழங்கையால் இடித்தார்.

"பத்து பேர் சார்," என்றாள்.

"எட்டு."

"பத்து இல்லாம முடியாது."

"மேஸ்திரி ஆகி ஒரு நிமிஷம் ஆகல." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "ஒன்பது. அதுக்கு மேல கேக்காதீங்க."

அவர் போனதும் பம்ப்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பன்னிரண்டு கேட்டிருக்கணும் தங்கச்சி. உனக்குப் பேரம் தெரியல."

"அடுத்த மாடிக்குக் கேட்டுக்கலாம் அண்ணே. இப்ப கலவையை எடுங்க. விளிம்பைத் திரும்ப அடைக்கணும்." சொன்ன பிறகுதான் கவனித்தாள். கேள்வியாக வரவில்லை. அவரும் தலையாட்டிவிட்டு எடுக்கப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு. சாயங்காலம் சலூன் வாசலில் ஏறும்போது, நாற்காலியில் ஒருவர் கன்னம் நிறைய சோப்போடு உட்கார்ந்திருந்தார். கணவர் சவரக்கத்தியை உயரே பிடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு குளவியும் இந்தக் கத்தரி நீளம். நாப்பது, அம்பது இருக்கும். இவ ஒருத்தியா நின்னு விரட்டியிருக்கா."

"ஒரே ஒரு குளவி," என்றாள் அவள். "அதையும் யாரும் பார்க்கல."

"மத்தியானம் போன்ல சொன்னப்ப ஏழா இருந்துச்சு அண்ணி," என்றாள் நாத்தனார். "நான் வந்ததுக்கப்புறம்தான் குட்டி போட்டுருச்சு."

சோப்புக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "மேஸ்திரி ஆனதாவது நிஜமாம்மா?"

"அது நிஜம்ங்க. ஒன்பது ஆளு. பத்து கேட்டேன், தரல."

"அப்ப ஒரு வார்த்தை இவர்கிட்ட சொல்லுங்க. சோப்பு போட்டு அரை மணி ஆச்சு. கன்னம் இழுக்குது."

அவள் கணவரைப் பார்த்தாள். "கதையை நிறுத்திட்டு அவர் கன்னத்தை முடிங்க."

அவர் சோப்புக்காரர் பக்கம் குனிந்து சவரத்தை ஆரம்பித்தார்.

"பத்தாவது ஆளும் கிடைச்சாச்சு அண்ணி," என்றாள் நாத்தனார், பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டபடி.

அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். விரலிடுக்கிலெல்லாம் சிமெண்ட் காய்ந்திருந்தது. காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.