பெரிய டாக்டரை நான் எடுத்த படம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். மலேரியா ஆராய்ச்சி நடந்த ஓர் ஆய்வகத்தில், டாக்டர்கள் வேலை செய்வதை ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். என் தங்கை கணவர் அங்கேதான் இருந்தார். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வரும் ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வேலை. அவர் கண்டு எழுதியதை ஆய்வகத் தலைவரான பெரிய டாக்டர் தன் பெயரில் அச்சேற்றிக்கொண்டார். மாப்பிள்ளை இதை ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னார். நான் மறக்கவில்லை.

காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தியபோது மாப்பிள்ளை ஸ்லைடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் அவர் தோளைத் தட்டி எழுப்பினார்.

"நீ வெளியில நில்லு. இது டாக்டர்களுக்கான படம்."

மாப்பிள்ளை ஸ்லைடைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெரிய டாக்டர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைக் குழாயில் பதித்துக்கொண்டார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடே இல்லை. ஒன்றுமில்லாத இடத்தை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் அரை நிமிஷ வேலை. சொல்லவில்லை. அவர் முகத்தை விட்டுவிட்டு, ஸ்லைடு இருக்க வேண்டிய இடத்துக்கு ஃபோகஸ் வைத்தேன். "அசையாம இருங்க சார், ரொம்ப நல்லா வருதுங்க" என்றேன். அவ்வளவு கனிவாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அறிக்கையில் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. மெட்ராஸிலிருந்து வந்த மேலதிகாரி, எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பக்கத்தை விரித்து, இதில் என்னதான் பார்க்கிறீர்கள் என்று கேட்டாராம். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்கு இரண்டு ஆள் பசி.

பழி மாப்பிள்ளைமேல் விழுந்தது. வேண்டுமென்றே ஸ்லைடை எடுத்துப்போனதாகச் சொல்லி, காய்ச்சல் பரவியிருந்த ஒரு காட்டு முகாமுக்கு அவரை மாற்றிவிட்டார்கள். நான் நேரே பெரிய டாக்டரிடம் போனேன்.

"ஸ்லைடு இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் படம் எடுத்தேன்."

அவர் முகம் கறுத்தது. அதைப் பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உத்தரவு மாறவில்லை.

மாப்பிள்ளை ஒரு வருஷம் கழித்து, இரண்டு முறை காய்ச்சலில் விழுந்து எழுந்து, பாதி உடம்பாகத் திரும்பினார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கைதான் கேட்டாள்: "உங்க ரோசத்துக்கு எங்க ஊட்டுக்காரர்தான் கெடைச்சாருங்களா, அண்ணா?"

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரிய டாக்டரை அப்படி எடுத்ததற்கு மட்டும் எனக்கு வருத்தம் வரவே இல்லை.