காய விடாத சிறகு

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இது.

மூன்று வருடத்துக்கு முன் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நடந்தது. நான் சங்கு குளிக்கப் போகிறவன். வள்ளத்தில் ஐந்து பேர் போவோம். வள்ளம் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் ஒரு பழைய மரத்தூண் நிற்கிறது. ஒரு நீர்க்காகத்துக்கு அதுதான் இடம். ஓர் இடத்தில் முங்கினால் நினைக்காத இடத்தில் தலையை நீட்டும். நாங்களும் முங்கிப் பிழைக்கிறவர்கள் இல்லையா, அது எவ்வளவு நேரம் தம் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். அப்புறம் தூணில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு வெயிலில் அசையாமல் நிற்கும். மாதா கோயிலில் பூசை வைக்கிற பாதிரியார் கையை விரித்து நிற்பதுபோல இருக்கும் என்பதால் அதற்குச் சாமியார் என்று பேர் வைத்திருந்தோம். "சாமியார் பூசையத் தொடங்கிட்டாரு, எஞ்சின எடுல" என்று யாராவது சொல்லாமல் வள்ளம் கிளம்பாது.

அன்று காலை தூண் காலியாக இருந்தது. தூணடியில் தண்ணீர் கலங்கியது. முங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தேன். அங்கே சிக்கிக் கிடந்த கிழிந்த நைலான் வலையில் காலும் ஒரு சிறகும் மாட்டி, மூச்சுக்காகத் தலையை நீட்டுவதும் உள்ளே போவதுமாகக் கிடந்தது பறவை. கத்தியால் வலையை அறுத்து எடுத்தேன். வள்ளத்தில் ஏறி நெஞ்சோடு வைத்தபோது நனைந்த சாக்கு மாதிரி கனத்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

வள்ளத்தின் முன்பலகையில் நல்ல வெயில். "கொஞ்சம் அங்கன இருக்கட்டுமே" என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"நேரமாச்சுல. தண்ணியில கெடக்குற உசுருக்கு வெயிலு எதுக்கு?" என்றார் வள்ளம் ஓட்டுகிற அண்ணாச்சி.

"இவன் துண்டால தொவட்டி, காப்பித்தண்ணி குடுத்துத்தான் விடுவான் அண்ணாச்சி" என்றான் ஒருத்தன்.

"ஏலே, சாமியாருக்கே ஞானஸ்நானம் குடுத்திருக்க. பேரு என்ன வச்ச?" என்றான் இன்னொருத்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. குனிந்து அதைத் தண்ணீரில் விட்டேன்.

கழுத்து மட்டும் தெரிய, கொஞ்ச தூரம் போயிற்று. சிறகை அடித்து எழும்பப் பார்த்தது, முடியவில்லை. பிறகு கழுத்தும் உள்ளே போனது. "பாத்தியா, மீன் பிடிக்கப் போயிட்டாரு" என்றார்கள். நான் பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். முப்பது, நாற்பது. வேறு பக்கம் வந்திருக்கும் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் எஞ்சின் எடுத்தாயிற்று.

மத்தியானம் திரும்பி வந்தபோது அது தூணடியில் செத்து மிதந்தது.

எங்கள் வள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. முங்கி மேலே வந்தவன் தலைமுடி காயும்வரை வெயிலில் உட்கார வேண்டும். அவனே போகிறேன் என்றாலும் விடமாட்டோம். குளிர் ஏறிய உடம்போடு மறுபடி இறங்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பறவையும் நனைந்த சிறகை விரித்துக் காயவைத்து, தினமும் எங்கள் கண் முன்னால் அதைத்தானே செய்தது? நாங்கள் அதைப் பூசை என்று சிரித்தோம்.

ஒன்றுமே தெரியாமல் செய்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அதை நெஞ்சோடு பிடித்திருந்தவன் நான். அதன் நடுக்கம் என் கைக்குத் தெரிந்தது. "இருக்கட்டும்" என்று இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இருக்க விட்டிருப்பார்கள்.

இப்போதும் முங்கி எழுந்து தலை காய அந்தப் பலகையில் உட்காரும்போதெல்லாம், நான் காய்கிற வெயிலில் பாதி அதற்குச் சேர வேண்டியது என்றே தோன்றுகிறது.

எழுதி முடித்தது: பிப்ரவரி மாதம், இரண்டாம் ஞாயிறு, கடலுக்குப் போகாத நாள்.