மருந்து வேறு, மாத்திரை வேறு

காலை ஆறு பத்து. தென்காசியில் எங்கள் ஆய்வு அறையைத் திறக்கப் போனபோது முதலில் கண்ணில் பட்டது, வாசல்படியில் காய வைத்திருந்த ஒரு ஜோடி போலீஸ் பூட்ஸ். பக்கத்தில் வெறுங்காலோடு ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். குற்றாலத்தில் மெயின் அருவி டியூட்டி முடித்து, சாப்பிடாமல் நேராக பஸ் ஏறி வந்திருந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆய்வில் எல்லோருக்கும் நம்பர்தான்; எங்களுக்கு அவர் பதினேழு.

நீண்ட நாள் நெருக்கடியில் இருக்கும் உடம்பு, காயம் பட்டதைப்போல நடந்துகொள்கிறது. ரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. அவை மூளையையும் எட்டி, சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவருகின்றனவா என்பதே எங்கள் கேள்வி. அதற்காக சீசன் டியூட்டி பார்க்கும் காவலர்களிடம் சீசனுக்கு முன்பும், நடுவிலும், முடிந்த பிறகும் ரத்தம் எடுத்தோம். மனச்சோர்வு அதிகமாகத் தெரிந்தவர்களை அடுத்த அறையில் மனநல டாக்டர் பார்ப்பார்.

பதினேழு எங்களைக் குழப்பினார். கேள்வித்தாளின்படி அவருக்குக் கடுமையான மனச்சோர்வு. ரத்தமோ அழற்சி ஏதுமில்லாமல் அமைதியாக இருந்தது. ஆனால் டாக்டரிடம் இரண்டு முறை பேசிய பிறகு தூக்கம் வருகிறது என்றார். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார் என்று கேட்டேன்.

"ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்கப் போறேம்னு சொல்லுதேன். அவளுக்கு அதுல ஒரு பெருமை."

அந்தக் காலையில் லேப் டெக்னீஷியன் செல்வி ரத்தம் எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"கூட்டம் எப்படி அண்ணாச்சி?"

"ஊரையே குளிக்க வைக்கேன், எனக்குக் குளிக்க நேரமில்ல. பாறைல ஏறாதலேன்னு விசில் அடிச்சா, ஒரு செல்பி எடுத்துட்டு எறங்குதேங்கான்."

ஊசியை எடுத்துவிட்டு, செல்வி சிரித்தபடி டீயை நீட்டினார். ஏட்டு சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, டீயைக் குடித்தார்.

"அது என்னது அண்ணாச்சி?"

"கால் கடுப்புக்கு. நின்னு நின்னு கடுக்குல்லா. ரெண்டு வருசமா டெய்லி போடுதேன்."

"மருந்து எதுவும் சாப்பிடலன்னு சொன்னியளே?"

"இது மருந்தா? மாத்திரைல்லா. மெடிக்கல்ல கேட்டா குடுப்பான்."

நாங்கள் ரத்தத்தில் தேடிய அழற்சியைத்தான் அந்த மாத்திரை அமுக்கி வைத்திருந்தது. விதிப்படி அவரை ஆய்விலிருந்து எடுக்க வேண்டும். சொன்னேன்.

"இன்னைலருந்து விட்டுருதேன் சார். சேத்துக்கிடுங்க."

சீசனுக்கு முன்பு எடுத்த ரத்தமே மாத்திரையோடு எடுத்தது. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்று விளக்கினேன். அவர் ரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்போ டாக்டரம்மா?"

ஆய்வில் இல்லாதவரை அந்த அறைக்கு அனுப்ப அனுமதி இல்லை. டாக்டர் தானே வெளியே வந்து, "பெரியாஸ்பத்திரி ஓபிக்கு வாங்க, நானே பாக்கேன்" என்றார்.

"அங்கன பேரச் சொல்லிக் கூப்பிடுவாவ மேடம். டோக்கன் குடுக்கவன் என்கூடப் படிச்சவன். சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷன் பூரா தெரிஞ்சிரும். இங்கன நான் நம்பர்லா."

பூட்ஸை மாட்டிக்கொண்டார். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

சென்னையில் இருந்த தலைமை ஆய்வாளரிடம், நீக்கப்பட்டவர்களும் அதே நம்பரில் டாக்டரைப் பார்க்கலாமா என்று போனில் கேட்டேன். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவுக்கு எழுதுங்கள் என்றார். எழுதினேன். அனுமதி வந்தபோது சீசன் முடிந்திருந்தது. ஓபியில் அவர் வந்தாரா என்று டாக்டரிடம் கேட்டேன். வரவில்லை.

கேள்வித்தாளை மாற்றினோம். "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்பதற்குக் கீழே, "கால் வலி, தலைவலி, இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவீர்களா?" என்று சேர்த்தோம். அதற்குப் பிறகு பலர் ஆமாம் என்றார்கள். இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: மக்கள் எதை மருந்து என்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சீசனில் அருவிக்கரையில் வேறொருவர் விசிலோடு நின்றார். வாசுதேவநல்லூர்க்காரர். பழைய ஏட்டையாவைப் பற்றி விசாரித்தேன்.

"அவாள் லாங் லீவு சார். மேலுக்கு முடியல, ஒடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துருக்காவ. மேலகரத்துல வீட்டோடதான் கெடக்காவளாம்."

அன்று மாலை மேலகரம் வழியாகத்தான் தென்காசிக்குத் திரும்பினோம். வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.