எல்லாமே சிவப்பு எண்ணெய்தான்

நான் ஓட்டுகிற வண்டிக்கு கிளட்ச் கிடையாது. கியர் தண்டும் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் நாலு பட்டன். முன்னால் போக ஒன்று, பின்னால் போக ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. நாலாவது எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அமுக்கிப் பார்த்ததில்லை.

பிள்ளைப்பாக்கம் பக்கம் கன்டெய்னர் யார்டு. கம்பெனிகளுக்குப் போகிற டிரெய்லர்களை இழுத்து வரிசையில் நிறுத்துவேன். கேட்டால் எடுத்துக் கேட் பக்கம் விடுவேன். அதுதான் வேலை. வண்டி ரோட்டுக்குப் போகாது. ஏதோ துறைமுகத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் வந்தது. வெளிநாட்டு வண்டி. எந்த நாடு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

மற்ற டிரைவர்களுக்கு நான் லிஃப்ட் ஆபரேட்டர்.

"இன்னா நைனா, மூணாவது மாடி போவுமா?"

"வெயிட்டு ஓவரு. எறங்கு."

அதோடு சரி.

முன்பு நானும் டிரெய்லர் ஓட்டியவன்தான். சுங்குவார்சத்திரத்தில் லோடு மேல் நின்று கயிறு இழுக்கும்போது கயிறு அறுந்தது. விழுந்தேன். இடது முட்டிக்குள் தகடு வைத்தார்கள். நடக்கலாம். மடக்கி அழுத்த வராது. நான் நொண்டுவது யார்டில் எல்லோருக்கும் தெரியும். கிளட்ச் மிதிக்க முடியாது என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். யாரும் கேட்கவில்லை. பட்டன் வண்டிக்கு ஆள் தேடினார்கள். நான் போய் நின்றேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. பட்டனை அமுக்கினேன். இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தேன். அப்புறம் யாரோ பின்னால் இருந்து இடித்த மாதிரி குதித்துப் போனது.

சூப்பர்வைசர் குடையோடு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நல்ல மாதிரி.

"என்னண்ணே, சத்தம் மட்டும் பெருசா கேக்கு, வண்டி வர மாட்டேங்கு?"

"கியரு புடிக்கல தம்பி."

"ஆயில் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே கியர்பாக்ஸ் அளவுக்கம்பியை உருவிப் பார்ப்பேன். லாரிக்காரன் பழக்கம். வண்டி நின்று, எண்ணெய் எல்லாம் கீழே இறங்கியிருக்கும்போதுதான் அளவு சரியாகத் தெரியும். கிளீனராக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். அன்றும் அளவு இருந்தது. நிறம்தான் டீக்கசடு. மோந்தால் தீய்ந்த வாடை.

"அப்ப ஆயில மாத்திப் பாப்போம். சனிக்கிழமை மொதலாளி வாராரு. லோடு டிரெய்லர இழுக்கலன்னா, பழைய இரும்புக்குப் போட்டுருவோம்னு சொல்லுதாரு. வேற லாரி பாத்து வச்சிருக்காரு. நல்ல கியர் வண்டி. ஒங்களுக்கும் இந்தப் பட்டன் தொல்ல விட்டுரும்."

நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

"பாக்கலாம்," என்றேன்.

ஒரகடம் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அங்கே போனேன். கடைக்காரர் என்னை முன்பே அறிவார்.

"இன்னா ஆயிலு?"

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலு."

"அது தெரிது. எந்த ஆயிலு?"

"செவப்பு."

அவர் சிரித்தார். உள்ளே போய் டப்பா டப்பாவாக எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"எல்லாமே செவப்புதான் நைனா. இது மூணாம் நம்பரு. இது ஆறாம் நம்பரு, புச்சு. இது சி-ஃபோரு, பழசு. இது ஸ்டேரிங்குக்கு ஊத்துறது, இதுவும் செவப்புதான். ரத்தம் கூட எல்லாருக்கும் செவப்புதான். அதுக்காவ குரூப்பு மாத்தி ஏத்துவியா?"

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் குரூப் ரத்தத்துக்கு மனைவி ஊரெல்லாம் போன் பண்ணினாள். அது ஞாபகம் வந்தது.

"மாத்தி ஊத்துனா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாமயும் போவலாம். உள்ள தட்டெல்லாம் கருகி ஒரே நாள்ல குந்திக்கவும் செய்யலாம். கியர்பாக்ஸுல தகடு அடிச்சிருப்பான். அதுல இன்னா போட்டுகீதுன்னு பாத்துகினு வா. சும்மா வந்து செவப்புன்னா நான் இன்னா பண்றது?"

திரும்பி வந்தேன். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். தகடு இருந்தது. எழுத்துதான் இல்லை. துடைத்தேன். டீசல் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். ஏதோ ஒரு வளைவு தட்டுப்பட்டது. சி-யாக இருக்கலாம். ஆறாகவும் இருக்கலாம். மூன்றில் பாதியாகவும் இருக்கலாம்.

சூப்பர்வைசர் தம்பி குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடல் நம்பர் கேக்குண்ணே."

"அதான் அழிஞ்சிகீதே."

"அது இல்லாம சொல்லாதாம். இரிங்க, இங்க ஒருத்தன் எழுதியிருக்கான். இந்த மாதிரி பழைய வண்டிக்கு இன்ஜின் ஆயிலே ஊத்தலாம்ங்கான்."

"இன்ஜின் ஆயிலா?"

"ஆமா. கீழ இன்னொருத்தன் அவன ஏசிக்கிட்டுக் கெடக்கான்."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. துறைமுகத்திலிருந்து இந்த வண்டியைக் கொண்டுவந்து விட்ட ஆள் சீட்டுக்குப் பின்னால் ஒரு எண்ணெய் டப்பாவும் வைத்துவிட்டுப் போனான். அது என்ன ஆனது? விசாரித்தோம். காலியானதும் யாரோ அதை இரண்டாக அறுத்துவிட்டார்கள். மேல்பாதி டீசல் ஊற்றும் புனலாக ஷெட்டில் தொங்கியது. கீழ்ப்பாதி கக்கூஸில் தண்ணீர் மொள்ளும் மக்காக இருந்தது. தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் அதை எடுத்து வந்தார். ஒட்டியிருந்த காகிதம் பாதி இருந்தது. மழைத்தண்ணீரில் காட்டிக் கழுவிப் படித்தார்.

"அண்ணே, இது டிப்பர் லாரி ஜாக்கிக்கு ஊத்துத ஆயிலுண்ணே."

"அதையா இதுல ஊத்துனான்?"

"ஊத்துனானோ, சும்மா வச்சிருந்தானோ."

இரண்டு பேரும் கக்கூஸ் மக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மத்தியானம் ஒரு டிரெய்லர் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். கதவு திறந்திருந்தது. நான் அதில் ஏறினேன். ஏறவே நேரம் பிடித்தது. உட்கார்ந்து இடது காலைத் தூக்கி கிளட்ச் மேல் வைத்தேன். அழுத்தினேன். பாதி போனது. அதற்கு மேல் முட்டி விடவில்லை. கால் நடுங்கியது. கையால் முட்டியைப் பிடித்து அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் போனது. ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் கியர் போட்டால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? இறங்கும்போது அந்த டிரைவர் வந்துவிட்டான்.

"இன்னா நைனா, உள்ள பட்டனு தேடுறியா?"

"ஆமா. உன் வண்டில காணோம்."

வீட்டில் மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சு வண்டி?"

"ஆயிலு தேடுறோம்."

"கெடைக்கலியா?"

"நெறைய கெடைக்குது. அதான் ரோதன."

ரசம் ஊற்றினாள். அப்புறம் சொன்னாள்.

"அந்தத் தம்பி நல்ல புள்ளதான? காலப் பத்திச் சொல்லிடேன். கேட்டாண்ட டோக்கன் குடுக்குற வேலயாவது குடுப்பாரு."

"அதுக்கு ஆளு கீது."

அவள் வெந்நீர் போட எழுந்து போனாள். முட்டிக்கு ஒத்தடம்.

வெள்ளிக்கிழமை பென்னலூரிலிருந்து மெக்கானிக்கை வரச் சொன்னேன். பழைய சினேகிதன். லாரி மெக்கானிக். பட்டன் வண்டியை அவனும் அதிகம் பார்த்ததில்லை. அளவுக்கம்பியை உருவி, எண்ணெயை வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டான். மோந்தான்.

"சோறு தீஞ்சி போச்சு மாமே. இப்ப வந்து, இது இன்னா அரிசின்னு கேட்டா எப்படிச் சொல்றது?"

"எதனா ஒண்ணு சொல்லு."

"பழய வண்டிக்குப் பழசு ஊத்து. சி-ஃபோரு. புது ஆயிலு ஊத்துனா பழைய ரப்பர் சீலு ஒத்துக்காதுன்றாங்க."

"யாரு?"

"சொல்றாங்கப்பா. சத்தியமா பண்ணச் சொல்ற?"

சி-ஃபோர் வாங்கினோம். கடைக்காரர் "நல்லா யோசிச்சியா?" என்றார். யோசித்தேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது? தகட்டில் தட்டுப்பட்ட வளைவு சி என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பழைய எண்ணெயை இறக்கினோம். தாரும் இல்லை, தண்ணீரும் இல்லை, நடுவில் ஒன்று. மெக்கானிக் அதைத் தூக்கிக் குப்பை டிரம்மில் ஊற்றிவிட்டான். ஃபில்டர் கடையில் இல்லை. கழுவித் திரும்பப் போட்டான். புது எண்ணெய் ஊற்றினோம். நல்ல சிவப்பு. கம்பியில் அளவு சரியாக மேல்கோட்டில் நின்றது. ஒரு டப்பா மிச்சம். நான் ஏறி ஸ்டார்ட் பண்ணி பட்டனை அமுக்கினேன்.

நகரவே இல்லை. முன்பு குதித்தாவது போனது. இப்போது அதுவும் இல்லை.

மெக்கானிக் தலையில் கை வைத்தான்.

"ஆயிலு தப்பு மாமே. ஆறாம் நம்பருதான் போல. இரு, வாங்கியாறேன்."

பைக்கில் போய்விட்டான். சாயங்காலம் முதலாளி வருவார். நான் இன்ஜினை நிறுத்தாமல் இறங்கினேன். பொழுது போகவில்லை. கையில் துணி இருந்தது. அளவுக்கம்பியை உருவித் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுத்தேன்.

எண்ணெய் இல்லை.

துடைத்து மறுபடி விட்டேன். நுனியில் ஈரம் மட்டும். இன்ஜினை நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து எடுத்தேன். மேல்கோடு வரை எண்ணெய். ஸ்டார்ட் பண்ணினேன். இல்லை. நிறுத்தினேன். இருக்கிறது. மெக்கானிக்குப் போன் போட்டேன்.

"ஆயிலு காணோம்."

"இப்பத்தான ஊத்துனோம்? கீழ ஒழுவுதா?"

"ஒழுவல. ஓடும்போது பாத்தா காணோம். நிறுத்துனா கீது."

"ஓடும்போது எவனாவது கம்பிய உருவுவானா? வண்டிய ஆஃப் பண்ணிட்டுப் பாரு மாமே. நான் கடையாண்ட நிக்கிறேன்."

வைத்துவிட்டான். அவன் சொன்னதுதான் முறை. நானும் அப்படித்தான் ஆயுசு முழுக்கப் பார்த்தேன். ஆனால் ஓடும்போது அந்த எண்ணெய் எங்கேயோ மேலே போகிறது. எங்கே என்று எனக்குத் தெரியாது. கியர் பிடிக்க வேண்டியதும் ஓடும்போதுதான். இப்போது ஊற்றினால் நிறுத்தும்போது கோட்டைத் தாண்டும். தாண்டினால் என்ன கெடும் என்றும் தெரியாது. கேட்க ஆளில்லை. கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்லியாகிவிட்டது.

ஷெட்டிலிருந்து அந்தப் புனலை எடுத்துத் துடைத்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க மிச்ச டப்பாவைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கம்பியில் கீழ்க்கோடு நனைகிற வரை.

ஏறினேன். அமுக்கினேன். ஒரு சின்ன உதறல். பிறகு வண்டி தானாகப் போனது.

யார்டை ஒரு சுற்று சுற்றினேன். பின்னால் எடுத்தேன். முன்னால் எடுத்தேன். லோடு டிரெய்லரில் கோர்த்து இழுத்தேன். சேற்றில் சக்கரம் வழுக்கியது. கியர் வழுக்கவில்லை.

மெக்கானிக் ஆறாம் நம்பர் டப்பாவோடு வந்து இறங்கினான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"பாத்தியா? சி-ஃபோருன்னு நான்தான மொதல்ல சொன்னேன்?"

"நீதான் தப்பு ஆயிலுன்ன."

"அது நடுவுல."

சாயங்காலம் முதலாளி காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். நான் டிரெய்லரோடு எதிரில் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டே சூப்பர்வைசரிடம் சொன்னார்.

"ஓடுதேப்பா. அப்பறம் எதுக்கு லாரி?"

கண்ணாடி ஏறியது.

தம்பி ஓடி வந்தார். "சாதிச்சிட்டீங்கண்ணே! கடைசியில எந்த ஆயிலுதாண்ணே சரி?"

அளவுதான் குறை என்றால் பழைய எண்ணெயும் சரியாக இருந்திருக்கலாம். அது தீய்ந்ததே அளவு குறைந்ததால் இருக்கலாம். அல்லது அது ஜாக்கி எண்ணெயாகவும் இருந்திருக்கலாம். சி-ஃபோர் சரியா, ஆறாம் நம்பரும் இப்படித்தான் இழுத்திருக்குமா, யார் சொல்வது? பழையது குப்பை டிரம்மில் மற்ற எண்ணெயோடு கலந்துவிட்டது.

"தெரில தம்பி," என்றேன். "ஓடுது."

வீட்டிலும் அதைத்தான் சொன்னேன். மனைவி விடவில்லை.

"மறுபடி நின்னுச்சின்னா?"

"அப்ப பாக்கணும்."

"இன்னாத்தப் பாப்ப?"

வெந்நீர்ப் பாத்திரத்தை இழுத்துக் காலண்டை வைத்தாள். துணியைப் பிழிந்தாள்.

இப்போது கம்பியை இரண்டு தடவை உருவுகிறேன். நிற்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை. நிற்கும்போது எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் இறங்குகிறது. வண்டி சூடானால் கொஞ்சம் ஏறுகிறது. அது ஏன் என்றும் புரியவில்லை. டிரைவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். லிஃப்டுக்குக் காய்ச்சல் பார்க்கிறேனாம்.

ஆறாம் நம்பர் டப்பா சீட்டுக்குப் பின்னால் உடைக்காமல் இருக்கிறது. கடையில் திரும்ப எடுக்கவில்லை. நாளைக்கு இந்த வண்டியில் வேறு யாராவது ஏறினால், அதைப் பார்த்து இதுதான் ஊற்றியது என்று நினைத்துக்கொள்வான். அதனால் டப்பா மேல் கரியால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தேன்.

போட்ட பிறகு, அது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. துடைத்துவிட்டேன்.