ஏழால் பெருக்காதே

இந்த வாரம் இந்தப் பத்தியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் பயந்தாங்கொள்ளித்தனத்தை நானே அச்சில் ஏற்றுவானேன்? ஆனால் வேறு எதை யோசித்தாலும் அந்த நம்பரே வந்து நிற்கிறது...

போன திங்கள்கிழமை. மைசூரில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே என் நண்பன் சரவணனின் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். சொந்த ஊரான ஹனூரிலிருந்து முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆறு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டர்.

அவ்வளவு நேரம் சரவணனைச் சும்மா விட்டால் நகத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடுவான். பியூசியில், அதாவது ப்ளஸ் டூவில், கணக்கில் கோட்டைவிட்டு வெளியே வந்த நான், எனக்குத் தெரிந்த ஒரே கணக்கை எடுத்துவிட்டேன்.

"குரு, போன்ல கால்குலேட்டர எடு. ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு போடு. மணிக்கு ஒருக்கா பெருக்கலாம்." (எங்கள் பக்கம் ‘குரு’ என்றால் ‘மச்சி’ மாதிரி, நண்பர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது.)

"எனக்கு இப்ப கணக்கு ஒண்ணுதான் கொறச்சலு."

"போட்றா. பையனுக்குக் கணக்கு வருதுன்னு உங்கப்பா கண்ணு முழிச்சதும் சந்தோசப்படட்டும்."

எட்டு மணிக்கு ஒன்றால், அதே 1,42,857. ஒன்பது மணிக்கு இரண்டால் பெருக்கினான்: 2,85,714. பத்து மணிக்கு மூன்றால்: 4,28,571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை — தொடங்கும் இடம் மட்டும்தான் மாறுகிறது. நாலு, ஐந்து, ஆறு... அப்படியேதான். சரவணன் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

மணி ஒன்று. கதவு திறக்கவில்லை. ஒன்றரைக்கு ஒரு நர்ஸ் வந்து, "இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழால் பெருக்கினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் நான் கைதட்டு வாங்கும் இடமே அதுதான். அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிடும் என்றல்லவா நினைத்திருந்தேன்?

மணி இரண்டு. சரவணன் போனை எடுத்தான்.

"ஏழு வேண்டாம்டா."

"ஏன்?"

"சும்மா... பேட்டரி தீந்துரும்."

பெருக்கிவிட்டான். 9,99,999. பழைய இலக்கம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஸ்கிரீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? காபி வாங்கி வருவதாகச் சொல்லி நழுவிவிட்டேன்.

கேன்டீனில் காபிக்கு நின்றபடி எனக்கு நானே பாடம் நடத்தினேன். ஒன்றை ஏழால் வகுத்தால் திரும்பத் திரும்ப வருகிற இலக்கங்கள் அவை — அதனால் ஏழால் பெருக்கினால் ஒன்பதுகளாக நிற்கிறது. இதற்கும் ஒரு மனுஷனின் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் பயம் வந்துவிட்டால், ஊரையே கிண்டலடிப்பவனுக்கும் கால்குலேட்டர் ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

ஆறிப்போன காபியோடு திரும்பினால், டாக்டர் வெளியே நிற்கிறார். நல்லபடியாக முடிந்ததாம்.

நேற்று அப்பா வார்டில் இட்லி சாப்பிட்டார். சரவணனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: "அன்னிக்கு ஏழுல எல்லாம் போச்சே, உனக்குப் பயமா இல்லியாடா?"

"நீ காபிக்கு ஓடுனதும் எட்டால பெருக்குனேன் குரு, 11,42,856 வந்துச்சு — முன்னாடி நிக்கற ஒண்ண எடுத்துக் கடைசில கூட்டிப் பாரு, பழைய நம்பரே திரும்பி வந்துரும்."