குறட்டைக்கு முதல் பரிசு

சிம்பாங் ரெங்கமில் பள்ளி வேன் ஓட்டும் திமோத்தியின் குறட்டை, தேவாலயக் குடும்ப விழாவில் முதல் பரிசு வாங்கியது. பிஸ்கட் டின், மைலோ, ஆரஞ்சுச் சாறு எல்லாம் வைத்துக் கட்டிய ஒரு கூடை. மேடையேறி அதை வாங்கியவள் அவர் மனைவி செசிலியா. கைதட்டியவர்களுக்குக் குனிந்து வணக்கம் வேறு வைத்தாள். அந்த வணக்கத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் காது மடல் சுடுகிறது.

போட்டியின் பெயர் ‘இது யார் வீட்டுச் சங்கீதம்?’ மனைவிமார் தங்கள் கணவரின் குறட்டையைக் கைப்பேசியில் பதிந்து கொடுக்க வேண்டும். அதை ஒலிபெருக்கியில் போடுவார்கள். கூட்டம் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்பாடு செய்தவள் திமோத்தியின் தங்கை ரீத்தா. பதிவு நீளமாக இருக்கக்கூடாது, கேட்டவுடன் சிரிப்பு வர வேண்டும்; அவள் போட்ட விதி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மதியம் சாப்பிட்டுப் படுத்தவரைச் செசிலியா பதிந்தாள். கேட்டுப் பார்த்த ரீத்தா உதட்டைப் பிதுக்கினாள்.

“ஆரம்பம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. நடுவுல சத்தத்தையே காணோமே? ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க எழுந்து போயிருவாங்க.”

“உங்க அண்ணன் அப்படித்தான்லா. வண்டி நின்னுபோகும், அப்புறம் ஒரு உதறு உதறிக் கிளம்பும்.”

“நிக்கிற இடத்தை வெட்டிருங்க. கிளம்புற இடம்தான் சூப்பர்.”

வெட்டினாள். விரலால் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. முன்னும் பின்னும் ஒட்டியதும், செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவது போல ஓயாமல் கேட்டது. திருப்தியோடு பழைய பதிவை அழித்துவிட்டாள்.

விழாவில் அதைப் போட்ட மறுகணமே, “திமோத்தி அங்கிள்!” என்று யாரோ கத்தினார்கள். மண்டபம் குலுங்கியது. திமோத்தியும் எழுந்து நின்று கையசைத்தார். வீடு திரும்பும்போதுதான், “வேன் பிள்ளைங்களோட அம்மா அப்பாகூட வந்திருந்தாங்க, பார்த்தியா?” என்று கேட்டார்.

“தமாசுக்குத்தானே.”

அந்தக் கூடையிலிருந்து ஒரு பிஸ்கட்டைக்கூட அவர் எடுத்துத் தின்று அவள் பார்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் அது பூனை உறுமுவது போலத்தான் இருந்தது. வயிறு முன்னால் வர வர, சத்தமும் வளர்ந்தது. செசிலியா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். அவரைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். யாரோ சொன்னார்கள் என்று அவர் பனியனின் முதுகில் டென்னிஸ் பந்து ஒன்றைத் தைத்தாள். பந்தின் மேலேயே மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போனதும் அவனுடைய அறைக்கு மாறிக்கொண்டாள். கேட்டவர்களிடம், “ஏசி எனக்கு ஒத்துக்கல,” என்றாள். கணவன் மனைவி தனித்தனியாகப் படுப்பதை எப்படிச் சொல்வது?

கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள். அவரும் நன்றாகத் தூங்குகிறார் என்றே நினைத்தாள். அத்தனை சத்தமாகத் தூங்குகிறவர் காலையில் தலைவலியோடு பனடோல் தேடுவதும், பிரசங்கத்தில் தலை தொங்குவதும், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கண் செருகுவதும் அவளுக்குச் சோம்பலாகத்தான் தெரிந்தது. “தூங்கி எழுந்து களைச்சுப்போற ஒரே ஆளு இவருதான்,” என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

விழா முடிந்த சில நாளில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரியின் இரண்டு பெண் பிள்ளைகளும் திமோத்தியின் வேனில்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு கதை கேட்டீங்களா?” கஸ்தூரிக்குச் சொல்லும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. “சிக்னல்ல பச்சை விழுந்தும் வேன் நகரலையாம். பின்னால ஒரே ஹாரன். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே தூங்கிட்டாராம். பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து அந்தப் போட்டிக் குறட்டையை விட்டுக் காட்டி எழுப்புனாங்களாம்! அலமாக், என் சின்னது வீட்டுக்கு வந்து நடிச்சுக் காட்டுது.”

செசிலியாவும் சிரித்தாள். வாங்க வந்த கீரையை வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

“சிக்னல்ல தூங்குனீங்களா?”

“சும்மா கண்ணை மூடுனேன்.”

“பிள்ளைங்க உள்ள இருக்கும்போதா?”

“வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு, செசி.”

வண்டி ஓடும்போது எப்படி என்று அவள் கேட்டிருக்க வேண்டும். என்ன சொல்வாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

அந்த வாரம் அவருக்கு இரத்த அழுத்தத்துக்குக் கிளினிக்கில் மருந்து எடுக்கும் நாள் வந்தது. எப்போதும் தனியாகப் போய் வருகிறவர். இந்த முறை அவளும் கூடவே கிளம்பினாள். “நீ எதுக்கு?” என்றார். “சும்மாதான்,” என்றாள்.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். மாத்திரையைக் கூட்டியும் அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று யோசித்தவர், திடீரென்று நிமிர்ந்து, “அங்கிள், பெர்டெங்கூர்?” என்று குறட்டையைப் பற்றிக் கேட்டார்.

“கொஞ்சம், டாக்டர்,” என்றார் திமோத்தி.

தூக்கத்தின் நடுவே மூச்சு நின்று போகுமா என்பது அடுத்த கேள்வி.

“தாக் அடா,” இல்லையென்று அவர் தலையாட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சிரிப்பு வராது என்று அவள் வெட்டிப் போட்ட இடத்தைத்தான் டாக்டர் கேட்கிறார்.

“அடா, டாக்டர், இருக்கு,” என்றாள். “நிக்கும்.”

எப்படி என்று டாக்டர் கேட்டார். அவளுக்கு அதைச் சொல்ல மலாய் வரவில்லை, தமிழும் வரவில்லை. வாயைத் திறந்து அடித்தொண்டையிலிருந்து அவருடைய குறட்டையை விட்டாள். வாசலில் நின்ற தாதி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். செசிலியா சட்டென்று நிறுத்தினாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். தாதியின் சிரிப்பு அடங்கியது. டாக்டரின் பேனா நின்றது. செசிலியாவுக்கு நெஞ்சு எரிந்து, கண்ணில் நீர் முட்டியது. அதற்கு மேல் முடியாமல் வாயைப் பிளந்து காற்றை இழுத்தாள்.

“இன்னும் நீளம்,” என்றாள். “லாகி பாஞ்சாங், டாக்டர். என்னால அவ்வளவு நேரம் முடியல.”

திமோத்தி அவளையே பார்த்தார். தன் தூக்கம் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்ட முகம் அது.

டாக்டர் நிதானமாக விளக்கினார். தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது போலிருக்கிறது. உடம்பு திணறி விழிக்கிறது, மறுபடி தூங்குகிறது, மறுபடி திணறுகிறது. இரவெல்லாம் இப்படியென்றால் எத்தனை நேரம் படுத்தும் அவர் ஒழுங்காகத் தூங்கவில்லை என்றுதான் அர்த்தம். இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். உறுதிசெய்யப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இரவு தூங்கவைத்துச் சோதிப்பார்கள். இருந்தால், மூக்கில் காற்றுச் செலுத்தும் கருவி வைத்துச் சரிக்கட்டலாம். கடைசியில், என்ன வேலை என்று கேட்டார். பள்ளி வேன் என்றதும் அவர் முகம் மாறியது. சோதனை முடியும்வரை ஓட்டக்கூடாது என்றார்.

வெளியே கார் அருகில் செசிலியா கையை நீட்டினாள். திமோத்தி சாவியைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். வண்டி பெரிய சாலையில் ஏறியதும் சொன்னார்:

“முதுகு வலின்னு சொல்லிருவோம். வேன் பிள்ளைங்க வீட்டுக்காரங்ககிட்ட.”

“ஏங்க?”

“ஏன்னு கேக்குற? ஏற்கனவே சிரிக்கிறாங்க. இதைச் சொன்னா அப்புறம் யாரு பிள்ளைய அனுப்புவாங்க? முதுகு வலின்னா பாவம்னு விட்டுருவாங்க.”

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. முதுகு வலி மரியாதையான வலி. ‘ஏசி ஒத்துக்கல’ போல வாயில் சுலபமாக வரும். வீட்டுக்கு வந்து முதலில் கஸ்தூரியைக் கூப்பிட்டாள்.

“கஸ்தூரி, நாளையிலேருந்து அண்ணன் வேன் ஓட்ட மாட்டாரு. ரூபேந்திரன்கிட்ட பேசிப் பார்க்கிறோம், அவரு வேன்ல இடம் இருக்கு. அண்ணனுக்கு…” நிறுத்தினாள். திமோத்தி சோபாவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். “அண்ணனுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னுபோற நோவு இருக்கும்போல. அதான் பகல்ல தன்னையறியாம கண்ணு மூடுது. அன்னைக்கு சிக்னல்லயும் அதான்.”

கஸ்தூரியின் குரல் வேறு மாதிரி வந்தது.

“அப்போ இத்தனை நாளா எங்க பிள்ளைங்களை எப்படிக்கா ஏத்திக்கிட்டுப் போனாரு?”

செசிலியா கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“நீங்க கூட இருக்கிறவங்கதானே? உங்களுக்குத் தெரியாதா?”

“சத்தம் நிக்கிறது தெரியும்,” என்றாள். “சிரிப்பு வரலன்னு போட்டியில அந்த இடத்தை நான்தான் வெட்டினேன். அது நோவுன்னு தோணல, கஸ்தூரி.”

திமோத்தி தலை நிமிர்ந்தார். வெட்டிய கதை அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது. எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அவள் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

“நான்தாம்மா பேசுறேன். அவளைக் கேக்காதே. ஓட்டுனது நான். ஓடும்போதும் ரெண்டொரு தடவை கண்ணு சொருகியிருக்கு. வேலை போயிருமேன்னு யார்கிட்டயும் சொல்லல.”

கஸ்தூரி கத்தியது செசிலியாவுக்கும் கேட்டது. அவர் குறுக்கே பேசவில்லை. “ஆமாம்மா… தப்புத்தாம்மா…” என்று சொல்லியபடி, அவள் பேசி ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் இணைப்பைக் கஸ்தூரிதான் துண்டித்தாள்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல், முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அடுத்தது எந்த வீடு?”